நூறுக்கு இருபத்தைந்து

பத்மாவதியின் சமையற்கட்டில் ஐந்து இடியப்ப உரல்கள் இருந்தன. தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணி முடிவதற்குள் அவற்றில் மூன்று சும்மா கிடந்தன.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் அந்த வீடு. சுற்றிவர இருந்த லொட்ஜுகளில் கனடாவுக்கும் லண்டனுக்கும் விசா பார்த்திருந்த யாழ்ப்பாணத்துச் சனம் நிரம்பி வழிந்தது. மூன்று லொட்ஜுகளுக்கு இரவுச் சாப்பாடு கொடுப்பது பத்மாவதியின் தொழில். மத்தியானம் பன்னிரண்டுக்குத் தொடங்கினால் ஐந்து மணிக்குள் இரண்டாயிரத்து ஐந்நூறு இடியப்பம் அவிந்து இறங்கவேண்டும். வேலைக்கு வந்த நான்கு பெண்களோடு பத்மாவதியும் ஒரு உரலைப் பிடித்துக்கொள்வார். நூறுக்குப் பதினைந்து ரூபாய் கூலி.

முதலில் போனது பைறோஸா. சவூதியில் வீட்டு வேலை, மாதம் ஆறாயிரம். அடுத்த கிழமையே, பக்கத்து உரலில் நின்ற அவளுடைய மச்சாள் பீபியும் அதே ஏஜென்சியில் பெயர் கொடுத்து வேலையை விட்டாள். அரசாங்கம் மறிக்கவில்லை. மின் அடுப்பும் தூசி உறிஞ்சும் மெஷினும் பாவிக்கப் பழக்கி, பத்திரம் கொடுத்தே அனுப்பிவைத்தது.

தெய்வானை தானாகப் போகவில்லை. மலைநாட்டில் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து, பத்மாவதி வீட்டுப் பின்னறையில் தங்கி வேலை செய்தவள். அவளிடம் அடையாள அட்டை கிடையாது. வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்கினால் பொலிசில் பதிய வேண்டும். பத்மாவதி “பிறகு பாப்பம்” என்று அதைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். ஒரு நாள் பகலில் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துச் சோதனை போட்டபோது, கையில் ஒட்டிய மாவோடு அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சேரும்படி சொல்லி விட்டார்கள்.

மிஞ்சியவள் கொன்ஸ்ரன்ஸ். கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே பீற்றரைக் கல்யாணம் முடித்தவள். வயது முப்பத்தெட்டு. பஸ்ஸை மறித்துச் சோதித்தால் கொட்டாஞ்சேனை விலாசம் போட்ட ஐடென்டியை நீட்டுவாள், பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். பீற்றர் வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பவன். மழைக்காலத்தில் அவனுக்கு வேலை குறைவு. மகள் அடுத்த வருஷம் ஓ.எல். பரீட்சை எடுக்கவேண்டும். பைறோஸாவின் ஏஜென்சிக்காரன் கொன்ஸ்ரன்ஸுக்கும் ஒரு ஃபோம் கொடுத்திருந்தான். போக மனமில்லை. ஆனாலும் நிரப்பி வைத்திருந்தாள்.

ஆள் தேவை என்று பத்மாவதி சந்தியில் அலவி நானாவின் கடையில் சொல்லி வைத்தார். நாலைந்து பெண்கள் வந்தார்கள், கூலியைக் கேட்டார்கள், திரும்பிப் போனார்கள். அதில் ஒருத்தி படலையடியில் நின்று, “இந்தக் காசுக்கு இங்க கை முறிய நிக்கிறதுக்கு, குவைத்துக்கே போயிரலாம்” என்று சொன்னது உள்ளே உரலைத் திருகிக்கொண்டிருந்த கொன்ஸ்ரன்ஸின் காதில் விழுந்தது. ஒன்பது நாளாக, பத்மாவதி பிழிந்தது போக, அவள் பங்குக்கு மட்டும் ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து முந்நூறு என்று பிழிந்துகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனால் தலை வாரக் கை தூக்க முடியவில்லை.

சனிக்கிழமை தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தபிறகு அவள் கேட்டாள்.

“அக்கா, நூறுக்கு இருபத்தஞ்சு தாங்க.”

பத்மாவதி தேங்காய்ப்பால் சொதிச் சட்டியிலிருந்து அகப்பையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார். “தேங்காய் விக்கிற விலை தெரியுமே உமக்கு? லொட்ஜ்காரர் ஒரு சதம் கூட்டித் தரமாட்டினம்.”

“அது எனக்குத் தெரியாது அக்கா. ஏஜென்சியில எனக்கும் ஃபோம் தந்திருக்காங்க. சொல்லாமப் போக விருப்பமில்ல. அதான் முன்னுக்கே சொல்றேன்.”

“என்ன, வெருட்டுறீரோ?”

“இல்ல அக்கா. உள்ளதச் சொல்றேன்.”

பத்மாவதி சட்டிப் பக்கம் திரும்பிச் சொதியைத் துழாவத் தொடங்கினார். திங்கட்கிழமை கொன்ஸ்ரன்ஸ் வேலைக்குப் போகவில்லை. யன்னல் சீலைகளையெல்லாம் கழற்றித் தோய்த்தாள். அடுத்த நாள் தோய்க்க ஒன்றும் இருக்கவில்லை. சரியாகத்தான் கேட்டோம் என்று தோன்றும்; கொஞ்ச நேரத்தில், அந்த மனுசி தனியே என்ன பாடுபடுகிறாரோ என்றும் தோன்றும். பீற்றர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “நீ கேட்டதுல பிழை இல்ல” என்று மட்டும் சொன்னான்.

புதன்கிழமை காலையில் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு திரீவீல் வந்து நின்றது. கொன்ஸ்ரன்ஸ் வேலைக்குச் சேர்ந்த இந்த நாலு வருஷத்தில் பத்மாவதி கொட்டாஞ்சேனைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பொதுக் குழாயடியில் வாளி வைத்து நின்றவர்களை விலக்கிக்கொண்டு வந்து, கொன்ஸ்ரன்ஸ் இழுத்துப் போட்ட கதிரையில் இருந்தார்.

“இந்தக் கையைப் பாரும்” என்று வலது மணிக்கட்டை நீட்டினார். வீங்கியிருந்தது. “ரெண்டு நாளும் பாதிப் பேருக்குக் கடையில வாங்கின பாண்தான் குடுத்தனான். நவரத்தினம் எண்டு ஒரு மனுசன், ரிட்டயர்ட் போஸ்ட் மாஸ்ரர், லொட்ஜில இருந்து நேர வீட்டை வந்திட்டார். பாண் தின்னவோ காசு கட்டினது, வேணுமெண்டா இடியப்பத்துக்கு இருவத்தஞ்சு சதம் கூட்டி வாங்கும், ஆனா இடியப்பத்தைத் தாரும் எண்டு சொல்லிப்போட்டுப் போறார்.”

கொன்ஸ்ரன்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பிளேன் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

“சரி, இருபத்தஞ்சு தாறன்” என்றார் பத்மாவதி. “ஆனா நீர் ஒராளாக் காணாது. உமக்குத் தெரிஞ்ச ஆள் ஆரும் இருந்தாச் சொல்லும்.”

“தெய்வானைக்கு எழுதலாம்” என்று கொன்ஸ்ரன்ஸ் சொல்ல வாயெடுப்பதற்குள், பீற்றர் அவளை உள்ளே கூப்பிட்டான்.

“ஆள் இல்லாதபடியாத்தான் உனக்கு இருபத்தஞ்சு” என்றான் மெதுவாக. “உரலுக்கு ஆள் வந்தா இந்த றேட் நிக்குமா?”

அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் கொன்ஸ்ரன்ஸ் தெய்வானையையும் நினைத்துப் பார்த்தாள். ஒன்றரை வருஷம் பக்கத்து உரலில் நின்றவள் தெய்வானை. பைறோஸாவுக்கு ரியாத் வரைக்கும் பிளேன் ஏற வழி இருந்தது. இவளுக்கு, மலையை விட்டு ஒரு பகல் பஸ் தூரத்தில் இருக்கும் வெள்ளவத்தையில் நிற்க வழியில்லை. பதினைந்து ரூபாய்க்கும் பேசாமல் நின்றவள் அவள், பேச முடியாததால். இப்போதும் அப்படியே வந்து நின்றால் பீற்றர் பயந்ததுதான் நடக்கும்.

வெளியே வந்து சொன்னாள். “தெய்வானையக் கூப்பிடுங்க அக்கா. அவளுக்கும் இருபத்தஞ்சு குடுக்கணும். உங்க வீட்டு லிஸ்ட்ல அவ பேரையும் போட்டு பொலிசில பதியணும்.”

“பொலிசுக்கு நான் போறதோ?” பத்மாவதியின் முகம் மாறியது. “அவங்கள் என்னையே ஆயிரம் கேள்வி கேப்பாங்கள். எனக்குச் சிங்களமும் வராது.”

“நானும் வாறேன். சிங்களத்துல நான் கதைக்கிறேன்.”

பத்மாவதி கோப்பையைக் கீழே வைத்தார். வீங்கிய கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு, “சரி, கடிதத்தைப் போடும்” என்றார்.

பதினோராம் நாள் தெய்வானை வந்து சேர்ந்தாள். தோட்டக் கந்தோரில் வாங்கிய கடிதமும், அடையாள அட்டைக்கு எழுதிப் போட்ட துண்டும் ஒரு பொலிதீன் பையில் இருந்தன. “திரும்பப் பிடிச்சிருவாங்களாங்க அக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

பொலிசில் ஒரு சார்ஜன்ட் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். இவள் யார், என்ன வேலை, எங்கே தூங்குகிறாள் என்று கேட்டார். கொன்ஸ்ரன்ஸ் நிதானமாகச் சிங்களத்தில் பதில் சொன்னாள். இடியப்பம் பிழிகிற வேலை என்றதும் அவர் பேனையை மூடாமலே நிமிர்ந்தார். தன் மனைவி குவைத்துக்குப் போய் இரண்டு வருஷமாகிறது, மூன்று பிள்ளைகளுக்கும் தானே சமைக்கிறேன், இடியப்பம் மட்டும் சரிவருவதில்லை என்றார். மாவை வறுத்துவிட்டுக் கொதிதண்ணீரில் குழைக்கவேண்டும் என்று கொன்ஸ்ரன்ஸ் விளங்கப்படுத்தினாள். அவர் தலையாட்டிக்கொண்டே பதிவுத் துண்டில் முத்திரை குத்தினார். மூன்று மாதத்துக்குத்தான், முடிந்ததும் திரும்ப வரவேண்டும் என்றார். வெளியே வந்த பிறகுதான் பத்மாவதி மூச்சை விட்டார்.

பீற்றர் பயந்தபடி நடக்கவில்லை. நூறுக்கு இருபத்தைந்து என்று கேள்விப்பட்டுக் கிருலப்பனையிலிருந்து இன்னொரு பெண்ணும் வேலைக்கு வந்தாள். ஆட்கள் நின்றதால், கல்கிசையில் புதிதாகத் திறந்த லொட்ஜொன்றின் ஓடரைப் பத்மாவதி பயமில்லாமல் பிடித்தார். இடியப்பத்துக்கு இருபத்தைந்து சதம் கூட்டியதை லொட்ஜ்காரர் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்தார்கள். ஏஜென்சிக்காரன் இரண்டாம் முறை வந்தபோது கொன்ஸ்ரன்ஸ் ஃபோமை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். மகளைக் கணித ரியூஷனுக்குச் சேர்த்தாள்.

தை மாதத்தில் தெஹிவளையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரன் நூறுக்கு இருபத்தெட்டு கொடுத்து ஆள் தேடினான். இந்தச் செய்தி அலவி நானாவின் கடை வழியாகப் பத்மாவதிக்கு வந்தது. அந்தச் சனிக்கிழமை, யாரும் கேட்காமலே, “வாற கிழமையில இருந்து இருபத்தெட்டு. ஒருத்தரும் தெஹிவளைப் பக்கம் போகவேண்டாம்” என்றார். தெய்வானை கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தாள். “காசு கூடினது நல்லதுங்க அக்கா. ஆனா மூணு மாசத் துண்டும் முடியுதுங்க, திங்கக்கிழம பொலிசுக்கு வருவீங்களா?” என்று பத்மாவதியிடம் கேட்டாள். “வராமல் என்ன” என்றார் அவர்.

அன்று கொன்ஸ்ரன்ஸுக்கு பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. கொள்ளுப்பிட்டி வருவதற்குள் தூங்கிவிட்டாள். கொட்டாஞ்சேனையில் கொண்டக்டர்தான் தட்டி எழுப்பினான்.