பின்கதவுச் சாவியும் பதினோரு படிவங்களும்

அதிகாரிக்குக் கழுத்து சரியாகப் பதினைந்து டிகிரி சாயும். அதற்கு மேல் சாய்ந்தால் தூங்கி வழிவதுபோல் இருக்கும், குறைந்தால் திமிர் பிடித்தவள் என்பார்கள். பரிவுத் தலைமைப் பயிற்சியின் முதல் நாள் காலையிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டோடு அதை மறந்துவிட்டார்கள். அவள் மட்டும் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாரம் பழகினாள். உழைப்பு வீண் போகவில்லை. சமூகப் பொருளாதார மேம்பாட்டு நிறுவனத்தில் தட்டச்சு வேலைக்கு வந்தவள், பன்னிரண்டு வருஷத்தில் களப்பணியாளர், மேற்பார்வையாளர், மூத்த அதிகாரி என்று கழுத்தைச் சாய்த்தே படியேறிவிட்டாள்.

வீட்டில்தான் இந்தத் திறமைக்கு மதிப்பில்லை. "பால் பொங்குது, அடுப்ப அணைன்னு சொன்னா, அதுக்கும் தலையச் சாய்ச்சுக்கிட்டு நிக்கறியே" என்று புருஷன் ஒருநாள் கத்தினான். அவன் கத்தலையும் அவள் முழுமையாகக் கேட்டாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு தானாகவே அணைந்தது.

நிறுவனத்தின் வேலை, இல்லாதவர்கள் கூடிச் சேர்ந்து தொழில் செய்ய இடமும் வழியும் செய்து தருவது. அப்படித்தான் வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. ஆனால் இந்த இயக்குநர் வந்த பிறகு எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்பது என்று ஆகிவிட்டது. களத்துக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒரு கேட்புப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் நான்கு கட்டங்கள். எதிரில் இருப்பவரின் உணர்வு என்ன. வலியின் ஆழம் பத்துக்கு எத்தனை. கண்ணீர் உண்டா இல்லையா. கேட்டவரின் உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றம். அவ்வளவுதான். "கேட்கிறவர் தீர்வுக்கு ஓடக் கூடாது, ஓடினால் அங்கே பரிவு செத்துவிடும்" என்று இயக்குநர் அடிக்கடி சொல்வார். தீர்வு காண்பது மாடியிலிருக்கும் மேம்பாட்டுப் பிரிவின் பொறுப்பு. மேம்பாட்டுப் பிரிவோ படிவத்தைப் பார்த்துத்தான் எதையும் செய்யும். இப்படியாக நிறுவனம் பழுதில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் துணை இயக்குநர் நாற்காலி காலியானது. அவள் அதற்கு ஆசைப்பட்டாள். சும்மா ஆசை இல்லை, ராத்திரி தூக்கம் கெடுகிற ஆசை. இந்த முறை விட்டால் அடுத்து எப்போது வருமோ, அதற்குள் தனக்குப் பின்னால் வந்த பொடிசுகள் எல்லாம் முந்திக்கொள்ளும் என்று பயந்தாள். வியாழக்கிழமை வெளியிலிருந்து ஒரு தேர்வுக் குழு வருகிறது. அவள் பணியாற்றிய ஒரு சங்கத்தின் ஆட்களோடு, அவளை வெளியே நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் பேசும். எந்தச் சங்கம் என்று அவளே தேர்ந்தெடுக்கலாம். யோசிக்கவே இல்லை, சலவைக் கூட்டுறவு என்று எழுதிக் கொடுத்தாள். மூன்று வருஷத்தில் பதினோரு தடவை அவர்களைக் கேட்டிருக்கிறாளே!

எட்டுப் பெண்கள் சேர்ந்து நடத்துகிற கூட்டுறவு அது. விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்துத் தருவார்கள். கூடம் நிறுவனத்துக்குச் சொந்தமானது. திங்கட்கிழமை காலை அவள் போய் இறங்கியபோது தலைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளை எல்லாரும் பெரியக்கா என்பார்கள். மற்றப் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். வட்டமாக உட்காரச் சொல்லிக் கொடுத்தவளே அதிகாரிதான்.

"இன்னிக்கு நான் கேக்க வரலக்கா. சொல்ல வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருஷ உழைப்பு, காலியான நாற்காலி, வியாழக்கிழமைக் குழு எல்லாவற்றையும் கொட்டினாள். குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "என்னைப் பத்தி நாலு வார்த்த நல்லதா சொல்லுங்க. அது போதும்."

பெரியக்கா தலையை மெல்லச் சாய்த்தாள். அளந்து வைத்தாற்போல் பதினைந்து டிகிரி.

"உங்க வலி எங்களுக்குப் புரியுது மேடம். இப்ப உள்ளுக்குள்ள எப்படி இருக்கு?"

"பதட்டமா இருக்குக்கா. சொல்வீங்கல்ல?"

"பதட்டம்" என்றாள் பெரியக்கா. அருகில் இருந்த சுருட்டைமுடிப் பெண் சலவைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். "பத்துக்கு எத்தன இருக்கும்?"

"அக்கா, விளையாடாதீங்க. சொல்வீங்களா மாட்டீங்களா?"

"தீர்வுக்கு ஓடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? கொஞ்ச நேரம் உங்க உணர்வோட சும்மா இருப்போம்." அவர்களுடைய எட்டு நாற்காலிகளில் ஏழு நிரம்பியிருந்தன, ஏழு தலைகளும் சாய்ந்திருந்தன. ஒருத்தி கண்ணை வேறு துடைத்துக்கொண்டாள்.

அதிகாரிக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் ஒண்ணு கேட்டா, நீங்க ஒண்ணு பண்றீங்களே! எனக்கு ஆமாவா இல்லையான்னு ஒரு பதில் வேணும். உங்க ஆறுதல வச்சு நான் என்ன பண்றது?"

பெரியக்காவின் தலை நிமிர்ந்தது. "அதையேதான் நாங்களும் மூணு வருஷமா யோசிச்சுக்கிட்டு இருக்கோம்."

"நீங்க என்ன கேட்டீங்க?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு கேவலமானது என்று அவளுக்கே உறைத்தது. பதினோரு தடவை உட்கார்ந்து கேட்டவளுக்கு, என்ன கேட்டார்கள் என்று தெரியவில்லை.

"பின்கதவுச் சாவி" என்றாள் பெரியக்கா. "அந்தக் கதவத் தொறந்தா கொல்லை. கொடி கட்டின எடம் அங்கதான் இருக்கு. பூட்டிக் கெடக்குது. ஈரத்துணிய முன்வாசல்ல, ஏழு படி எறக்கி, தெருவச் சுத்திக் கொண்டு போறோம். வேற ஒண்ணும் கேக்கல."

எட்டாவது நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் கோப்பை இழுத்துப் போட்டுப் படித்தாள். பதினோரு படிவங்கள், அத்தனையும் அவளுடைய அழகான கையெழுத்தில். ஒன்றில்கூடக் கதவு என்ற சொல் இல்லை, சாவி என்ற சொல் இல்லை. எழுத அங்கே கட்டமே இல்லை. ஏழாவது படிவத்தில் கை நின்றது. கூட்டுறவின் நெட்டைப் பெண் ஈரச்சுமையோடு படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மறுநாள் எழுதியது அது. வலியின் ஆழம்: பத்துக்கு ஒன்பது. கண்ணீர்: ஆம், இரு தரப்பிலும். கேட்டவரின் உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றம்: மனித உறுதியின் முன் தலைவணங்கினேன். இந்தப் படிவத்துக்காக அந்த வருஷம் அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலியைப் பற்றிய ஞாபகம்கூட ஒரு நிமிஷம் வரவில்லை.

எழுந்து போய் வாசலில் உட்கார்ந்திருந்த அலுவலக உதவியாளரிடம் கேட்டாள். "அண்ணே, சலவைக் கூடத்துப் பின்கதவுச் சாவி எங்க இருக்கும்?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையில் கையை வைத்து, ஒரு சாவியை எடுத்து நீட்டினார். சாவியில் சீட்டுக் கட்டி, பெயர் எழுதியிருந்தது. "இந்த நோட்டுல ஒரு கையெழுத்துப் போடுங்க மேடம்."

"மூணு வருஷமா இங்கயா இருந்துச்சு?"

"எங்க போவும்? யாரும் கேக்கலையே."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். அவள் அலையக்கூட இல்லை. உட்கார்ந்து நெய்க்காக வருந்தியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவளே கொண்டுபோய்த் திறந்தாள். பூட்டு துருப்பிடித்திருந்தது, கொஞ்சம் எண்ணெய் விட்டதும் இளகிவிட்டது. காற்றும் வெயிலும் உள்ளே வந்தன. யாரும் அழவில்லை, யாரும் கைதட்டவில்லை. சுருட்டைமுடிப் பெண் ஈரக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளைத் தாண்டிக் கொல்லைக்குப் போனாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம், வழியில நிக்கறீங்க" என்றாள்.

வியாழக்கிழமை குழு வந்தது, பேசியது, போனது. சனிக்கிழமை இயக்குநர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டு, மேஜை இடையில் இல்லாமல் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"குழு உங்கள ரொம்பப் பாராட்டிச்சு. உங்க பதினோரு படிவத்தையும் படிச்சு உருகிப் போய்ட்டாங்க. ஆனா அந்தச் சங்கத்துத் தலைவி ஒண்ணு சொன்னாங்களாம். பதினோரு தடவ கேட்டாங்க, பன்னெண்டாவது தடவ சாவிய எடுத்துக் குடுத்துட்டாங்கன்னு."

"ஆமா சார்."

"நல்லவிதமாத்தான் சொல்லியிருக்காங்க. ஆனா குழு அத எப்படிப் பாக்குதுன்னா, கடைசி நேரத்துல நீங்க தீர்வுக்கு ஓடிட்டீங்க. தலைமைப் பொறுப்புக்கு இன்னும் பக்குவம் வேணும்னு நினைக்கறாங்க. அடுத்த வாய்ப்புல பாக்கலாம்." அவர் தலையைச் சாய்த்தார். "உங்க ஏமாற்றம் எனக்குப் புரியுது. இப்ப எப்படி இருக்கு?"

பன்னிரண்டு வருஷம் அந்தச் சாய்வை அவள் மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டு, சாய்வை மட்டும் வாங்கிக்கொண்டது இந்த வாரம்தான். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது என்று தோன்றியது.

"சார், அந்தப் படிவத்துல ஒரு கட்டம் சேக்கணும்" என்றாள். "அவங்க என்ன கேட்டாங்கன்னு எழுத."

இயக்குநர் அவளையே கனிவாகப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, முழங்கால் மேல் வைத்திருந்த தாளில் கவனமாக ஏதோ குறித்துக்கொண்டார். பரவாயில்லை, மனுஷன் எழுதிக்கொள்ளவாவது செய்கிறாரே என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

மூன்றாவது கட்டத்தில், 'கண்ணீர்: இல்லை' என்று எழுதியிருந்தார்.