ஊசிக்கடியில் ஒரு துணி

தையல் கடையில் கொழுந்தன் வெட்டித் தைப்பான். அண்ணி காஜா எடுத்துப் பட்டன் வைப்பாள். கடை சாத்தும்போது பாதி தைத்த துணி ஒன்று ஊசிக்கடியில் கிடந்தாக வேண்டும் அவனுக்கு. "நாளைக்கு வான்னு கூப்பிட ஆள் வேணாமா?" என்பான். அந்தக் கிறுக்கை மாற்ற ஆண்டவனாலும் ஆகாது.

இரண்டு மாதமாக அவன் அவனாகவே இல்லை. பெண்டாட்டி பிரிந்து போனதிலிருந்து சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, "நான் எல்லாருக்கும் பாரம்" என்று ஒரே பல்லவி. எல்லாம் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குத் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். தட்டியவர்களில் அண்ணியும் ஒருத்திதான்.

இந்த வாரம் திடீரென்று முகம் தெளிந்தது. சிரித்தான். வருஷக்கணக்கில் தூங்கிய துணியையெல்லாம் தைத்து முடித்தான். யாரையும் தொடவிடாத ரேடியோவைக் கொண்டுவந்து, "நீங்களே வச்சுக்கோங்க" என்றான். பிள்ளை தேறிவிட்டான் என்று அவளும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டாள். மடச்சி.

இன்று நான்கு மணிக்கே மெஷினுக்கு உறை போட்டான். "அண்ணனைப் பத்திரமா பாத்துக்கோங்க, அண்ணி."

அவள் உறையைத் தூக்கிப் பார்த்தாள். ஊசிக்கடியில் ஒன்றுமில்லை. அலமாரியும் துடைத்துவிட்டாற்போல் காலி. நாளைக்கு வா என்று கூப்பிட அங்கே எதுவுமில்லை.

கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடும் என்பார்கள். சொன்னவன் வாயில் மண். வாசலை மறித்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, சாகலாம்னு நினைக்கிறியா?"

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "என்ன அண்ணி இது..."

"சுத்தி வளைக்காதே. ஆமாவா, இல்லையா?"

தரையில் கிடந்த நூல் துண்டை எடுத்து விரலில் சுற்றினான். "ஆமா," என்றான். "இன்னைக்கு."

அவள் பயந்துதான் போனாள். ஆனாலும் திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்தபடியே புருஷனுக்கு போன் போட்டாள். "வண்டியோட வாங்க. தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இப்பவே."

"உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம்?"

"சிரமமாவது மண்ணாவது. உன்னைத் தனியா விட்டுட்டு நான் எங்கயும் போகப்போறதில்ல."

அதற்குப் பிறகுதான் அவன் உடைந்து அழுதான். "ரெண்டு மாசமா எல்லாரும் சாப்பிட்டியான்னுதான் கேட்டாங்க, அண்ணி. இதை ஒருத்தரும் கேக்கல."

வாசலில் வண்டி வந்து நிற்கும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை. வண்டியில் ஏறியும் விடவில்லை.