ஜன்னலில் தொங்கிய நட்சத்திரம்

செப்டம்பர் பிறந்துவிட்டால் பிலிப்பைன்ஸில் எங்கள் இலோய்லோ நகரத்தில் கிறிஸ்துமஸ்தான். கப்பலுக்குச் சமையல்காரனாகப் போகும் முன் என் கணவன் கிரிசாந்தோ தன் கையால் செய்த சிப்பி நட்சத்திரத்தை ஜன்னலில் மாட்டிவிட்டேன். உள்ளே குட்டிக் குட்டி விளக்குகள். அது பச்சையும் சிவப்புமாக மினுக்கும்போது வீடே தண்ணீருக்கடியில் மிதப்பதுபோல் இருக்கும்.

மாடியில் இருக்கும் நாத்தனார் நெனிதாவின் இணையம், வீட்டு மின்கம்பி வழியாகவே எனக்குக் கீழே வரும். அதற்கான சின்னப் பெட்டியும் நட்சத்திரமும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான்.

துறைமுகம் வந்தால் கிரிசாந்தோ வீடியோவில் கூப்பிடுவான். அவன் பார்க்கட்டும் என்று நட்சத்திரத்தைப் போட்டுவிட்டுத்தான் போனை எடுப்பேன். உடனே திரையில் பாதிச் சிரிப்போடு உறைந்துவிடுவான். நான் கடலையும் கப்பலையும் வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

அன்று திட்ட நேரமில்லை. இன்னொரு வருடம் கப்பலில் இருக்கிறானா என்று மாலைக்குள் அவன் கேப்டனிடம் சொல்லியாக வேண்டும். வேண்டாம், வந்துவிடு என்று நான் சொல்லியாக வேண்டும்.

“மிலா... கேப்டன்... நீ என்ன...” உறைந்துவிட்டான்.

நெனிதா ரைஸ் குக்கரோடு இறங்கி வந்தாள். “அண்ணி, மேல பிளக் கருகிப்போச்சு. உங்க கொஞ்சல் முடியறதுக்குள்ள நான் பசியில செத்துருவேன்.” நட்சத்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிக் குக்கரைச் சொருகினாள்.

“கேக்குதா மிலா?” பக்கத்தில் நிற்பவன்போல் பேசினான் கிரிசாந்தோ.

நெனிதா குக்கரைக் கழற்றி நட்சத்திரத்தின் பிளக்கை மறுபடி மாட்டினாள். உறைந்தான். பிடுங்கினாள். பேசினான்.

“அண்ணி, உன் சக்களத்தி கப்பல்ல இல்ல. இதோ ஜன்னல்ல தொங்குறா!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசை ஆசையாக நான் ஏற்றிய விளக்குதான், இணையம் வரும் அதே மின்கம்பியைக் குழப்பி, இத்தனை நாளும் அவன் பேச்சைத் தின்றிருக்கிறது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“ஏன் வீடு இருட்டா இருக்கு?” என்றான் அவன். “நட்சத்திரத்தப் போடு. ஒரு தடவ பாத்துட்டு கேப்டன்கிட்டப் போறேன்.”

நெனிதாவின் கை பிளக்கை நோக்கிப் போனது. பிடித்துக்கொண்டேன்.

“போட மாட்டேன்.”

“கெட்டுப்போச்சா?”

“நல்லாத்தான் இருக்கு. நீயே வந்து போடு.”

அவன் அசையவில்லை. மறுபடி உறைந்துவிட்டானோ என்று பதறினேன். பிறகு, மெல்லக் கண்ணைத் துடைத்தான்.

“சரி. நான் வர்ற வரைக்கும் அத யாரும் தொடக்கூடாது.”