கூரை ஏற எந்தப் பட்டன்?

தாடிக்காரர் வெகுநேரமாகக் கூரை மேல் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில், மலையூர்ப் படிக்கட்டு ஒன்றில், சால்வை போர்த்திய பெண் ஒரு வீட்டுச் சுவரில் முட்டி, பின்வாங்கி, மறுபடியும் முட்டினாள். அவர் எல்லாப் பட்டன்களையும் அழுத்திப் பார்த்துவிட்டார். இரண்டிரண்டாகச் சேர்த்தும் அழுத்திவிட்டார். அந்த விளையாட்டைச் செய்தவர்களில் ஒருத்தியாக, அவருக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுக்கு வாய்வரைக்கும் பதில் வந்து நின்றது. விளையாட்டைச் சோதித்துப் பார்க்க வருகிறவர்களுக்கு உதவி செய்யக்கூடாது, அவர்கள் திணறும்போது இருமக்கூடக் கூடாது என்பது அந்தச் சின்ன நிறுவனத்தின் சட்டம்.

"கூரை ஏற எந்தப் பட்டன்ங்க?" என்றார் கடைசியில், திரும்பாமலேயே.

அந்த விளையாட்டில் யாரும் கூரை ஏறுவதில்லை. தொலைந்துபோன ஆட்டைத் தேடி ஒரு பெண் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவாள். திறக்கிறவர்கள் ஆட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே மேலே போனால் ஊரும் பழகும், ஆடும் கிடைக்கும். அவ்வளவுதான் ஆட்டம். கூரை ஏறுவதெல்லாம் ஆட்டத்துக்கு முன்னால் ஓடும் தொடக்கப் படத்தில். அதில் இதே பெண் புயல் மழையில் கூரைக்குக் கூரை தாவுவாள். மணிக்கூண்டுக் கயிற்றைப் பிடித்துத் தெருவுக்கு மேல் ஊசலாடுவாள். தாழிட்ட கதவை ஒரே உதையில் திறப்பாள். அவள் தலைக்கு மேலே ஆடு நிலாவைத் தாண்டிப் பாயும்.

அந்தப் படத்தைச் செய்தவள், தாடிக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவள்தான். சால்வை நுனி காற்றில் எப்படிப் படபடக்கும் என்பதற்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுவதையும் செலவழித்திருந்தாள்.

தாடிக்காரர் போனதும் எல்லோரும் அக்காவின் அறையில் கூடினார்கள். நிறுவனத்தைத் தொடங்கியவர் என்பதால் அவர் எல்லோருக்கும் அக்கா. வயதில் அவரைவிட மூத்த கணக்காளரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"இவரோட சேர்த்து எல்லாருமே அதே கேள்வியைத்தான் கேட்டிருக்காங்க," என்றார் அக்கா. "படம் பிரமாதம். அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா நாம ஒரு கடையோட போர்டை இன்னொரு கடை வாசல்ல மாட்டியிருக்கோம்."

"பிரியாணிக் கடை போர்டைக் கஞ்சிக் கடையில," என்றான் கோந்து. ஆட்டத்தின் நிரல் எழுதுகிறவன். நாற்காலியை விட்டு எழுந்திருக்காததால் அந்தப் பெயர்.

"நீ செஞ்சதைக் கஞ்சிங்கிறியா?"

"கஞ்சி ஒடம்புக்கு நல்லதுக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அக்கா அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரும்மா. ஆட்டத்துக்குப் பொருந்துற மாதிரி வேற படம் வந்தா வைக்கலாம். வரலைன்னா படமே இல்லாம நேரா ஆட்டத்துக்குப் போயிடலாம்."

"சரிக்கா" என்றாள். எதற்கும் அவள் வாயிலிருந்து அதுதான் வரும். மனதுக்குள் என்னென்னவோ வாதம் ஓடியது. படிக்கட்டில் இறங்கும்போது அதில் நல்ல நல்ல வரிகள்கூடக் கிடைத்தன.

அவளும் கணவனும் குடியிருந்தது வேறொரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில். கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி பொருத்தித் தரும் கடையில் அவள் கணவனுக்கு வேலை. முகத்துக்கு நேராக முகம் வைத்து, 'இது தெளிவா, இல்ல இது தெளிவா?' என்று நாள் முழுக்கக் கேட்கிறவன். வீட்டிலும் குழம்பில் உப்புப் பார்க்கும்போது அதே தொனி வந்துவிடும்.

அவனை முதன்முதலாக ஒரு காபிக்கடையில் சந்தித்தபோது அவள் நிறையப் பேசினாள். மூன்று ஜோக்குகளை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தாள், மூன்றையும் சொன்னாள். ஒரு தடவை மேஜையைத் தட்டிக்கூடச் சிரித்தாள். எதிரே இருந்தவன் கண் கலங்கச் சிரித்து, "உங்களோட இருந்தா பொழுது போறதே தெரியாது போல" என்றான். அப்போதே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கையில் இருந்த சரக்கு அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் 'சரி', 'சாப்டீங்களா', 'விளக்கை அணைச்சுடவா' இந்த அளவில்தான் இருந்தது. அவன் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் குறை சொல்லாத ஆள் மனதில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கிறானோ என்று அவ்வப்போது அவன் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பாள். அதற்கு மேல் அவளுக்குத் துணிச்சல் வராது.

அன்று அவள் வீடு வந்தபோது அவன் சோபாவின் நுனியில் உட்கார்ந்து அந்த விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருந்தான். சோதனைப் பிரதி ஒன்றை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இதே வேலை. அதற்கு முன் அவன் வாழ்நாளில் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. கையில் இருந்த கட்டுப்பாட்டுக் கருவியைத் தூங்கும் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தான்.

"அந்தத் தையல்காரம்மாவோட பையன் ஊருக்கு வர்றானாம். இன்னிக்குத்தான் சொன்னாங்க," என்றான்.

"ஆடு கிடைச்சுதா?"

"ஆடு எங்க போயிடும்? கிடைக்கும் கிடைக்கும்."

அவள் பையைக் கீழே வைத்தாள். "தொடக்கத்துல வர்ற படம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" இத்தனை நாளும் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி.

"எந்தப் படம்?"

"ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வருமே."

"எனக்கு அப்படி எதுவும் வரலையே. திரை கறுப்பா இருக்கும். நான் சிவப்பு பட்டனை அழுத்துவேன், ஆரம்பிச்சிரும். அப்படித்தானே ஆரம்பிக்கணும்?"

படத்தைத் தாண்டிப் போவதற்கான பட்டன் அது. ஒவ்வொரு சாயங்காலமும் அவளுடைய உழைப்பு முழுவதையும் அவன் ஒற்றைக் கட்டைவிரலால் தாண்டிப் போயிருக்கிறான், அதுவும் அவளுக்காகவே ஆடுகிறோம் என்ற நினைப்பில். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"கருவியைக் கீழ வைங்க. எதையும் தொடாதீங்க," என்றாள்.

இரண்டு கைகளையும் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். புயல் வந்தது, கூரைகள் வந்தன, கயிறு வந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. நீல வெளிச்சம் ஏறி இறங்கும் அவன் முகத்தைப் பார்த்தாள். ஆடு நிலாவைத் தாண்டியபோது அவன் புருவம் உயர்ந்தது.

"அடேங்கப்பா," என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "இவ யாரு?"

"யாருன்னா? அவதான். ஆட்டைத் தேடுற பொண்ணு."

"நம்ம பொண்ணா?" அவன் திரும்பத் திரையைப் பார்த்தான். "அவ கதவை உதைக்க மாட்டாளே. ஒவ்வொரு கதவுக்கு முன்னாடியும் கொஞ்ச நேரம் நிப்பா. ஒரு மூச்சு விடுவா. சால்வையைச் சரி பண்ணிப்பா. உள்ள இருக்கிறவங்களைத் தொந்தரவு பண்றோமோன்னு யோசிக்கிற மாதிரி. அப்புறம்தான் தட்டுவா. எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சிருந்துச்சு. நீதான் அதைச் செஞ்சிருக்கேன்னு பார்த்த உடனே தெரிஞ்சு போச்சு."

"அது நான் செய்யல," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கூர்மையாக வந்துவிட்டது. "அது யோசனையும் இல்ல ஒண்ணும் இல்ல. கதவுக்குப் பின்னால இருக்கிற அறை கணினிக்குள்ள வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். அதுவரைக்கும் அவளை எப்படியாவது நிறுத்தி வைக்கணும். அவ்வளவுதான்."

"ஓ," என்றான். "சரி சரி. எனக்கு என்ன தெரியும்." எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். தாகம் எடுத்த ஆள் குடிப்பதுபோல் இல்லை.

மறுநாள் காலை அவள் கோந்துவின் மேஜைக்குப் போனாள். அவன் ஒரு காதில் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"கதவு முன்னாடி அவ நிக்கிறாளே, அந்த அசைவை எங்கேர்ந்து எடுத்த?"

கோந்து மெல்லுவதை நிறுத்தினான். "திட்டாத. அவசரத்துல ஒரு மத்தியானத்துல பண்ணேன். சும்மா நிறுத்தினா ஆட்டம் உறைஞ்சு போச்சுன்னு நினைப்பாங்க. ஏதாவது அசையணும்."

"திட்டல. எங்கேர்ந்துன்னு கேக்குறேன்."

"எங்கேர்ந்துன்னா?" அவன் கண்ணால் அக்காவின் அறைக்கதவைக் காட்டினான். "நான் உக்காந்திருக்கிற எடத்துலேர்ந்து பாரு, வேற என்ன தெரியுது? நீ தினம் அங்க நிப்ப. மூச்சை இழுப்ப. துப்பட்டாவைச் சரி பண்ணுவ. சில நாள் தட்டாமலே திரும்பி வந்துருவ. எனக்கு அது மனப்பாடம்." ரொட்டித் தூளைத் தட்டிவிட்டான். "ராயல்டி எல்லாம் கேக்கக் கூடாது."

அவளுக்குக் காது மடல் சூடானது. தன் இருக்கைக்குத் திரும்பி ஆட்டத்தை ஓடவிட்டாள். முதல் வீட்டுக் கதவு. சால்வைப் பெண் நின்றாள். தோள் மெல்ல ஏறி இறங்கியது. இடது கை தானாகப் போய் நுனியை இழுத்துவிட்டது. அசைவு கரடுமுரடாகத்தான் இருந்தது. முழங்கை மடிந்த விதம் தவறு, பாதத்தில் எடையே இல்லை. ஆனால் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. குரலைப் பதிவு செய்து கேட்டால் வருகிற கூச்சம் வந்தது. அந்தக் கூச்சத்துக்கு உள்ளே, நேற்று கணவன் 'ரொம்பப் புடிச்சிருந்துச்சு' என்று சொன்னது மெதுவாக வந்து உட்கார்ந்தது. சால்வைப் பெண்ணை அடுத்த கதவுக்குக் கூட்டிப்போனாள். அதற்கு அடுத்ததற்கும்.

பழைய படத்தைக் கணினியில் ஒரு கோப்புறைக்குள் போட்டு ஓரமாக வைத்தாள். அழிக்க மனம் வரவில்லை.

புதிய படத்தில் புயல் கிடையாது. ஒரு கதவு, ஒரு பெண். ஆனால் அந்த நிற்றலைச் சரியாக வரைய வேண்டுமென்றால் முழங்கை எங்கே மடிகிறது, எடை எந்தக் காலில் விழுகிறது என்று நிஜ உடம்பில் பார்த்தாக வேண்டும். அன்று சாயங்காலம் கணவனை மாடிப்படியில் உட்காரவைத்து அவன் கையில் கைபேசியைக் கொடுத்தாள். தங்கள் வீட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

மூச்சு விட்டாள். துப்பட்டாவைச் சரிசெய்தாள்.

"எப்படி இருக்கு?"

"பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருக்கு," என்றான்.

மறுபடி செய்தாள். இந்தத் தடவை இன்னும் மோசம். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். "சாவி தொலைஞ்சு போச்சாம்மா?"

"இல்லங்க, சும்மா," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"தெரிஞ்சு செஞ்சா வர மாட்டேங்குதுங்க," என்றாள்.

அவன் கைபேசியைப் படிக்கட்டுக் கம்பியில் சாய்த்துவைத்தான். கோணம் சரியா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "நான் உள்ள போறேன். நீ கீழ போய் நிஜமாவே ஏறி வா. வேலை முடிஞ்சு வர்ற மாதிரி. பேசவே வேணாம். எப்பவும் போல வா."

"எப்பவும் போலன்னா?" என்றாள். கேட்டே விட்டாள். "காபிக்கடையில அன்னிக்குப் பேசின மாதிரி இல்லையேன்னு உங்களுக்கு..."

அவன் கதவுக் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றான். "அன்னிக்கு மூணாவது ஜோக்குக்கு முன்னாடி நீ தண்ணி டம்ளரைப் பார்த்துக்கிட்டு உதட்டை அசைச்ச. ஞாபகப்படுத்திப் பார்த்த. நான் பார்த்தேன்," என்றான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் கீழே இறங்கினாள். ஏறினாள். இரண்டாம் மாடியில் கால் தானாக நிதானப்பட்டது. கதவுக்கு முன்னால் வந்து நின்றபோது கைபேசி ஓடுகிறது என்பதே நினைவில் இல்லை. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் இல்லை, குழாய்ச் சத்தம் இல்லை. தட்டுவதற்காகக் கையைத் தூக்கியவள் குனிந்து பார்த்தாள். கதவின் அடி இடுக்கில் வெளிச்சக் கோடு. அந்தக் கோட்டை இரண்டு இடத்தில் மறைத்துக்கொண்டு, மறுபக்கத்தில் இரண்டு பாதங்கள் அசையாமல் நின்றிருந்தன.