கதவுக்கு வெளியே நின்ற தூதுவன்

ஆய்வகத்தில் ரலிட்சா மூன்றாம் முறையும் சோதித்துவிட்டாள். எண் இறங்குகிற வழியாக இல்லை. மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்த இரத்தத்தில் நாற்பது. இரண்டு மாதம் கழித்து எடுத்ததில் இருநூற்றுப் பத்து. ஏறுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா!

குழாயில் பெயர் கிடையாது, எண்தான். ஆனால் பதினேழாம் எண் தன் அக்கா வெலிச்காவுடையது என்று அவளுக்குத் தெரியும். அக்காவுக்கு ஏழு வருடமாக முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது. காப்பிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்குவாள். இன்டர்லூகின் ஆறு என்று இரத்தத்தில் ஒரு தூதுவன், ரலிட்சா அளந்தது அவனைத்தான். அடி, உதை என்று உடம்பின் படையை மூட்டுக்குள் கூட்டிவருவதே அவன் வேலை. அவனை அடக்கத்தான் இந்த மருந்து. அடங்கியவன் ஐந்து மடங்காகப் பெருகுவானா? மற்ற மருந்தெல்லாம் பார்த்தாயிற்று. இதுவும் கைவிட்டால் கொடுக்க ஒன்றுமில்லை.

அக்காவையே கேட்கலாம். அந்த மகராசி வாயைத் திறந்தால்தானே? தேறிவருகிறேன் என்று சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறவள். தொலைபேசியில் விசாரித்தால் இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுவாள். ரலிட்சா அதை வலி என்றே எடுத்துக்கொண்டாள்.

தாளோடு ஆய்வகத் தலைவர் டாக்டர் கராஜோவிடம் ஓடினாள், அது அக்காவின் இரத்தம் என்பதையும் சொன்னாள். குழாயை மாற்றி வைத்திருப்பேனோ என்று தன்மேலேயே பழியைப் போட்டுப் பார்த்தாள்.

"நீ ஒண்ணும் மாத்தலம்மா," என்றார் அவர். "இந்த மருந்து தூதுவனைக் கொல்லாது. அவன் நுழையற கதவைத்தான் பூட்டும். உள்ள போனாத்தானே அவன் கதை முடியும்? போக வழியில்லாம எல்லாரும் தெருவுலயே நிக்கறாங்க, அதான் கூட்டம். கதவு பூட்டினது தெரியுது. மீதிய உங்க அக்கா கையைத்தான் கேக்கணும்."

அன்று மார்ச் முதல் தேதி. ப்ளோவ்திவ் நகரமே ஒருவர் மணிக்கட்டில் ஒருவர் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டிவிடும் நாள். ஏழு வருடமாக ரலிட்சாதான் அக்காவுக்குக் கட்டிவிடுகிறாள். அக்காவால் திருப்பிக் கட்ட முடிந்ததில்லை.

மத்தியானம் வெலிச்கா ஆய்வகத்து வாசலில் வந்து நின்றாள். பையிலிருந்து நூலை எடுத்தாள்.

"கையை நீட்டுடி."

மெல்லிய நூல். அக்காவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைப் பிடித்தன, வளைத்தன, உள்ளே நுழைத்து இழுத்தன. அந்தக் கைக்குள் ஓடும் இரத்தத்தில் இந்த நிமிடமும் எண்ணமுடியாத தூதுவர்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒரு விரலுக்கும் அது கேட்கவில்லை. தினமும் அளக்கிற சங்கதிதான், ஆனாலும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது, கண் நிறைந்தது.

"அக்கா, உனக்கு..."

"வாயை மூடு, கண்ணு பட்டுடும்," என்று சொல்லிவிட்டு வெலிச்கா இரண்டாவது முடிச்சைப் போட்டாள்.