டோனா சுல்மீராவின் வராந்தா

வராந்தாவைப் பிரிக்கச் சனிக்கிழமை தச்சர் வருகிறார் என்று தெரிந்ததும் ஜெனிவால்டோ தொப்பியைக் கையில் பிடித்தபடி பக்கத்து வீட்டு டோனா சுல்மீராவின் முன் போய் நின்றான். அவனுடைய தோட்டத்து மரக்குஜாப் பழக்கொடிகளில் அந்த வாரம்தான் பூ வைத்திருந்தது. கருவண்டு வந்து உரசாமல் அந்தப் பூ காயாகாது. பாயியா மாநிலத்தின் அந்த வறண்ட பக்கத்தில் மிச்சமிருந்த கருவண்டெல்லாம் அவளுடைய வராந்தாத் தூண்களைக் குடைந்து குடியிருந்தன.

"இடிக்க வேணாம் டோனா."

"தானா விழப்போகுது. நான் முந்திக்கிறேன்."

"வண்டு இருக்கே."

"தெரியும். காப்பிக் கோப்பையில மரத்தூளா கொட்டுது. சாப்பாடு உன் தோட்டத்துல, தூக்கம் என் வீட்டுல. உன் பழைய வேலிக்கட்டையெல்லாம் எங்க?"

"சிமெண்டுக் கம்பம் நட்டப்ப எரிச்சுட்டேன்."

"வண்டோடயா?"

ஜெனிவால்டோ தொப்பியின் உட்புறத்தைக் கவனமாகப் பார்த்தான்.

"விரலால தேய்ச்சுப் பாத்தேன் டோனா. மத்தியானம் விரியுற பூ சாயங்காலம் மூடிக்குது. எட்டாயிரம் பூ, பத்து விரல்."

"கால்ல பத்து இருக்கே."

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். புது வராந்தாவை அவனே கட்டிக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டான். பழையதை, இருட்டி வண்டுகள் உள்ளே அடைந்தபின் துளைகளை ஈரக் காகிதத்தால் அடைத்து, தூண், உத்தரம், ஓடு எதையும் விடாமல் பெயர்த்துக்கொண்டு போய்த் தோட்டத்தின் நடுவில் நிறுத்தினான். வீடில்லாத வராந்தா. பார்த்தவர்கள் வீடு எப்போது வரும் என்று விசாரித்தார்கள்.

மறுநாள் காகிதத்தை எடுத்தான். வண்டுகள் நேராகப் பழைய இடத்துக்கே பறந்தன.

"உன் ஆளுங்க வந்திருக்காங்க. தூணைக் காணோமேன்னு சுத்துறாங்க" என்றாள் சுல்மீரா வேலியோரம்.

இரண்டு நாள் பூக்கள் வீணாக மூடின. மூன்றாம் நாள் காலை அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தாள்.

"ஆள் இல்லாத வராந்தாவ அதுங்க எப்படி அடையாளம் கண்டுக்கும்?"

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஜெனிவால்டோவுக்குத் தெரியும். ஆனாலும் காப்பி போட்டுக் கொண்டுவந்தான்.

"கோப்பைக்கு மூடி எங்க?"

"வேணாம் டோனா. தெறந்தே இருக்கட்டும்."

இருவரும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பி ஆறியது. வெயில் ஏறியது. முதல் பூ விரிகிற நேரத்துக்கு உத்தரத்திலிருந்து சிட்டிகை மரத்தூள் உதிர்ந்து காப்பியில் மிதந்தது.

சுல்மீரா அதை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தாள்.

"நாளைக்குச் சக்கரையக் கொறச்சுப் போடு" என்றாள்.