ஜலஜா மேடம் கேட்ட கேள்விகள்

சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பதில் ஏசுராஜுக்கு எப்போதுமே உறுதி உண்டு. அதனால்தான், ஹூஸ்டனில் இருந்து ஒரு பெண்மணி சனிக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, சம்பளம் எதுவும் இல்லாமல், பக்கத்து ஊரான சுகர் லேண்டில் இருக்கும் அவர் வீட்டுக்கு வந்து அவர் மகளுக்கு வழிகாட்டப் போவதாகச் சொன்னபோது, ஏசுராஜ் முதலில் ஜன்னல் திரையை விலக்கி அந்தப் பெண்மணியின் காரைப் பார்த்தார். பழைய கார். சந்தேகம் இன்னும் கூடியது.

வந்தவர் ஜலஜா, மருத்துவ ஆராய்ச்சி லேப் ஒன்றில் விஞ்ஞானி. யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய கம்யூனிட்டி காலேஜில் அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்காலர்ஷிப் இருக்கிறது. பணத்தோடு ஒரு விஞ்ஞானியையும் துணைக்குக் கொடுப்பார்கள். பிள்ளை யுனிவர்சிட்டிக்கு மாறிப் போகும்வரை அவர் கூடவே நின்று வழி சொல்வார். ஏசுராஜின் ஒரே மகள் ஜெபினாவை அதற்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

கௌரவமான குடும்பம் மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் ஜெபினா கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறாள் என்பது சபையில் ஒருவருக்கும் தெரியாது.

அவர்களுடைய தமிழ்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது நடந்தால் காணிக்கையைக் கவரில் போட்டு, காரணத்தை மேலே எழுதித் தருவார்கள். பாஸ்டர் அதை வாசிப்பார். அந்தக் குடும்பம் எழுந்து நிற்கும், சபை முழுதும் அவர்களுக்காக ஜெபிக்கும். இரண்டு வருஷத்துக்கு முன், பெரிய யுனிவர்சிட்டியின் பதில் வருவதற்குள்ளேயே, மகளுக்கு இடம் கிடைத்துவிட்டதென்று ஏசுராஜ் விசுவாசத்தோடு ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டார். “பதில் வரட்டுமேங்க” என்றாள் மனைவி எலிசா. “விசுவாசம் இல்லாதவ மாதிரி பேசாத. எழுது” என்றார் அவர். அவள் எழுதினாள். பாஸ்டர் வாசித்தார். மூன்று பேரும் நிமிர்ந்து நின்றார்கள்.

அடுத்த வாரம் பதில் வந்தது. இடம் இல்லை.

கொடுத்த ஸ்தோத்திரத்தைத் திரும்ப வாங்க முடியுமா? அன்று முதல், மகளின் படிப்பைப் பற்றி யார் கேட்டாலும் “நல்லா போகுது” என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

“மேடம் எந்த சர்ச்?” என்று ஆரம்பித்தார்.

“சர்ச் இல்ல அங்கிள். கோயிலுக்கே அம்மா ஃபோன்ல திட்டினாதான் போவேன்.”

“இந்தப் பக்கம் யாரையெல்லாம் தெரியும்?”

“எனக்கு லேப்ல இருக்கற எலிகளைத்தான் நல்லா தெரியும்” என்று சிரித்தார் ஜலஜா. ஏசுராஜ் சிரிக்கவில்லை. ஆளைத் தெரியாது என்று முந்திக்கொண்டு சொல்கிறவர்களுக்கே எல்லோரையும் தெரிந்திருக்கும்.

பிறகு ஜலஜா கேட்க ஆரம்பித்தார். ஜெபினா வீட்டில் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? அவளுக்கு எந்தப் பாடம் பயம்? வீட்டில் யாராவது சயின்ஸ் படித்திருக்கிறீர்களா? காலேஜுக்கு எப்படிப் போகிறாள்? ஒவ்வொரு கேள்விக்கும் ஏசுராஜின் முதுகு இன்னும் கொஞ்சம் விறைத்தது. போலீஸ்காரன் கூட இப்படிக் கேட்கமாட்டான்.

“நான்தான் டிராப் பண்றேன்.”

“லைப்ரரிக்குப் பின்னாடி இறக்கி விடுவீங்களாமே. அங்கேருந்து லேப் ரொம்ப தூரம் அங்கிள்.”

“முன்னால பார்க்கிங் கிடைக்காது.”

“டாட், முன்னாடி ஃபுல்லா பார்க்கிங்தான்” என்றாள் ஜெபினா.

அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி, அதை விடுங்க” என்றார் ஜலஜா. “அடுத்த மாசம் ஸ்காலர்ஷிப் டின்னர் ஒண்ணு இருக்கு. ஃபேமிலியோட போட்டோ எடுத்து வெப்சைட்ல போடுவோம்.”

“எங்க குடும்பத்துல பொண்ணுங்க போட்டோவை வெளிய போடறதில்ல.”

ஜலஜாவின் பார்வை சுவருக்குப் போனது. அங்கே ஜெபினா, ஹைஸ்கூல் பட்டமளிப்புத் தொப்பியோடு, கதவளவுக்குப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.  அந்தப் பார்வையும் ஏசுராஜுக்குப் பிடிக்கவில்லை.

கார் தெரு முனையைத் தாண்டும்வரை ஜன்னலில் நின்றுவிட்டுத் திரும்பினார். “வேணாம்னு சொல்லிடு.”

“மண்டேக்குள்ள ஆன்சர் பண்ணலன்னா வேற யாருக்காவது போயிடும். ஐ வான்ட் திஸ், டாட்.”

“நாம குடுக்கற குடும்பம்மா. கை நீட்டற குடும்பம் இல்ல.”

“இட்ஸ் நாட் சாரிட்டி! ஐ ஏர்ன்ட் இட்.”

“உனக்கு உலகம் தெரியாது. அந்தம்மா வேவு பாக்க வந்திருக்கு. நாளைக்கே சபையில எவன் காதுலயாவது ஓதிடும்.”

எலிசா காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஜலஜாவின் கோப்பை நிரம்பியபடியே ஆறிப்போயிருந்தது. “காப்பியைக் கூட மறந்துட்டுக் கேட்டுக்கிட்டிருந்தா பாவம். நம்ம புள்ளையப் பத்தி இத்தனை கேள்வி யாருங்க கேட்டிருக்கா? நாமளே கேட்டதில்ல.”

“அதனாலதான் சந்தேகமே” என்றார் ஏசுராஜ்.

மறுநாள் மத்தியானம், அமெரிக்கச் சபையிடம் வாடகைக்கு எடுத்த ஹாலில் தமிழ் ஆராதனை. ஏசுராஜ் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பின்வரிசைகளை நோட்டம் விட்டார். ஜலஜா இல்லை. ஜலஜாவோடு பேசியிருக்கக்கூடிய முகம் எது? ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லா முகமும் அப்படித்தான் தெரிந்தது.

பாஸ்டர் காணிக்கைக் கவர்களை எடுத்தார்.

“சகோதரர் ஏசுராஜ், சகோதரி எலிசா குடும்பத்தார். மகள் ஜெபினா கம்யூனிட்டி காலேஜில் அறிவியல் படிப்பதற்காகவும், அதில் ஸ்காலர்ஷிப் கிடைத்ததற்காகவும் ஸ்தோத்திரம்.”

பாஸ்டரே கவரை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டார். முன்வரிசைத் தலைகள் திரும்பின. ஏசுராஜ் மகளைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்தியபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலிசா அதற்குள் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவர், கவரில் எழுதும் கையைச் சந்தேகப்படவில்லை.

ஜெபினா தயங்கித் தயங்கி எழுந்தாள். எழுந்தவள் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவோம் என்று பயந்தவள் போலத் தரையைப் பார்த்தாள். பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பிக்காமல் காத்திருந்தார். உட்கார்ந்தே இருந்துவிடலாம். முட்டிவலி என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சபை நடுவே தன் வீட்டுப் பெயரைச் சொல்லி, தன் பெண் தலைகுனிந்து நிற்கும்போது தகப்பன் உட்கார்ந்திருப்பதா? அப்படி ஒருவன் அவர்கள் வம்சத்தில் பிறந்ததில்லை.

ஏசுராஜ் எழுந்தார். முதுகு வளையாமல் நின்றார். “தலையைத் தூக்கு” என்றார் மகளிடம், மெதுவாக.

ஆராதனை முடிந்து டீயும் சமோசாவும் கொடுக்கும் இடத்தில் கிரிஸ் வந்து பக்கத்தில் நின்றான். சபையின் பொருளாளர், பேசினால் நாலு பேருக்குக் கேட்கும்படி பேசுகிறவன்.

“அண்ணே, யுனிவர்சிட்டின்னு சொன்னதா ஞாபகம்.”

“போவா. இப்ப காலேஜ். மாடி ஏறணும்னா மொதப் படியில கால் வைக்காமயா ஏறுவாங்க?”

கிரிஸ் சமோசாவைத் தட்டில் வைத்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். வழக்கத்துக்கு மாறாக அவன் குரல் தணிந்தது. “அந்த ஸ்காலர்ஷிப் குடுக்கறவங்க நம்பர் கிடைக்குமா?”

“எதுக்கு?” ஏசுராஜின் கண் சுருங்கியது.

“நம்ம ஜாய்க்கு.”

“உன் பையன் ஆஸ்டின் யுனிவர்சிட்டியில இல்ல இருக்கான்?”

கிரிஸ் காலியான டீக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏசுராஜ் அவனை நன்றாக ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

“ஜெபினா, ஜலஜா மேடம் நம்பரை அங்கிளுக்குக் குடும்மா. நாளைக்கு நீயும் அவங்களுக்குப் பதில் போட்டுடு.” கிரிஸ் பக்கம் திரும்பினார். “வீட்டுக்கு வருவாங்க. நிறைய கேள்வி கேப்பாங்க. மறைக்காம சொல்லிடு. எப்படியும் தெரிஞ்சுக்குவாங்க.”